முதலில் கேட்டவர்: எமிலி கெம்பின்-ஸ்பீரியின் வாழ்க்கை

சூரிச் பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடத்துக்குள், கண்ணாடிக் கூரையின் கீழே உள்ள பெரிய மண்டபத்தில், நீல நிறத்தில் ஒரு சாய்விருக்கை இருக்கிறது. சாதாரண இருக்கையை விடப் பல மடங்கு பெரியது. எமது மகள் அங்கே சட்டம் படிக்கப் பதிவு செய்த நாளில், கால் உளைச்சலில் நாமும் துணைவியாரும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அது ஒரு நினைவுச்சின்னம் என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எமிலி கெம்பின்-ஸ்பீரி என்ற பெண்ணின் நினைவாகக் கலைஞர் பிப்பிலோட்டி றிஸ்ட் உருவாக்கிய அந்த இருக்கை 2008 இல் அங்கே வைக்கப்பட்டது. அவசரமாக இறங்கப் போன எம்மை, அது உட்காருவதற்காகத்தான் செய்யப்பட்டது என்று மகள் சிரித்துத் தடுத்தாள்.

அன்றிலிருந்து இந்தப் பெண்ணைப் பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் வாசித்து வருகிறோம். நாம் சட்டம் படித்தவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்று, 1993 இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்து, ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவி, பின்னர் இங்குள்ள கணக்கியல் பரீட்சைகளை முதலிலிருந்து எழுதி, இப்போது எம்மவர்களின் வரிப் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்பவர். பட்டம் கையில் இருந்தும் அதற்குரிய கதவு திறக்காத நிலை எப்படி இருக்கும் என்பது எமக்கும், இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். எமிலிக்கு அந்தக் கதவு பிறந்த ஊரிலேயே மூடியிருந்தது.

அவர் 1853 மார்ச் 18 ஆம் திகதி, இன்று சூரிச் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட அல்ற்ஸ்ரெற்றனில் பிறந்தார். தந்தை ஒரு போதகர். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஹைடி கதையை எழுதிய ஜொஹன்னா ஸ்பீரி, எமிலியின் சித்தப்பா முறையானவரின் மனைவி. குடும்பத்தில் படிப்புக்குக் குறைவில்லை. ஆனால் படிப்பு ஆண்பிள்ளைகளுக்கானது. 1875 இல் தந்தைக்குப் பிடிக்காமலே வால்டர் கெம்பின் என்ற போதகரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தன.

சூரிச் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே முன்னோடியானது. 1867 இல் ரஷ்யப் பெண்ணான நடேஷ்டா சுஸ்லோவா அங்கே மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டார். முதலில் வந்த மாணவிகளில் பெரும்பாலானோர் வெளிநாட்டுப் பெண்கள் என்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். உள்ளூர்ப் பெண்களுக்கு அந்தக் கதவைத் தள்ளிக் காட்டியவர்கள் வந்தேறிகள்தான்.

எமிலி கணவரின் உதவியுடன் வீட்டிலேயே தயார் செய்து, முப்பது வயதளவில், மூன்று பிள்ளைகளின் தாயாகச் சட்ட பீடத்துக்குள் நுழைந்தார். அங்கே ஒரே பெண் அவர்தான். தந்தையின் வீட்டோடு உறவு முறிந்தது. கணவரும் போதகர் பணியை விட்டு விலக நேர்ந்ததால், படித்து முடித்துச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயமும் சேர்ந்துகொண்டது. 1887 இல் சட்டக் கலாநிதியானார். சுவிற்சர்லாந்தில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதற் பெண் அவரே. பிறருக்குச் சொந்தமான பொருளை விற்றவரின் பொறுப்பு பற்றியது அவரது ஆய்வு. கணக்காளர் கண்ணுக்கு அது நல்ல தலைப்பு.

ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்தியது பட்டம் அல்ல. பட்டத்துக்குச் சற்று முன்னர் அவர் கேட்ட ஒரு கேள்வி. 1886 இல் கணவருடைய ஒரு சிவில் வழக்கில் அவருக்காக ஆஜராக எமிலி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். அப்போதைய சூரிச் சட்டம் விநோதமானது. சட்டத்தரணியாக நிற்க அங்கே பரீட்சையும் அனுமதிப் பத்திரமும் தேவைப்படவில்லை. வாக்குரிமையோடு கூடிய முழுக் குடியுரிமை இருந்தால் போதும். ஆகவே சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஒரு கடைக்காரர் இன்னொருவருக்காக நீதிமன்றத்தில் பேசலாம். சட்டம் படித்து முடிக்கும் நிலையில் இருந்த எமிலி பேச முடியாது. பெண்ணுக்கு வாக்கு இல்லை, அதனால் முழுக் குடியுரிமை இல்லை, அதனால் நீதிமன்றத்தில் நிற்கும் தகுதியும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள்.

அவர் லொசானில் உள்ள சமஷ்டி நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார். 1874 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் நான்காவது உறுப்புரை, சுவிஸ் மக்கள் யாவரும் சட்டத்தின் முன் சமம் என்று கூறியது. சுவிஸ் மக்கள் என்ற சொல்லுக்குள் பெண்களும் அடக்கம்தானே என்பதுதான் எமிலியின் வாதம். 1887 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இப்படி ஒரு பொருள்கோடல் புதுமையானது, அத்தோடு துணிச்சலானது என்று குறிப்பிட்ட நீதிபதிகள், அதை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அந்தச் சொற்களை எழுதியவர்கள் பெண்களை மனதில் வைத்து எழுதவில்லை, ஆண்களையும் பெண்களையும் வேறாக நடத்துவதற்குப் போதிய காரணம் உண்டு என்பதே அவர்களுடைய எண்ணம்.

இந்த இடத்தில் நாம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறோம். எழுத்தில் யாவரும் சமம். ஆனால் யாவரும் என்ற சொல்லுக்குள் யார் நிற்கிறார்கள் என்பதை எழுத்து சொல்வதில்லை. அதை வாசிப்பவர் சொல்கிறார். அரசியலமைப்புகளில் அழகான சொற்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இதைப் பற்றி எமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

வழக்கில் தோற்றவர், பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் அனுமதியைக் கேட்டார். அதுவும் மறுக்கப்பட்டது. 1888 இல் குடும்பத்தோடு கப்பலேறி நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். அங்கே பெண்களுக்கான சட்ட வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வசதி படைத்த சில பெண்கள் சேர்ந்து சங்கம் அமைத்து ஆதரவு தந்தார்கள். 1890 அளவில் அந்த வகுப்பை நியூயோர்க் பல்கலைக்கழகம் ஏற்று நடத்தியது. அன்னிய மொழியில், அன்னிய சட்டத்தை, வந்து இரண்டு வருடத்துக்குள் மற்றவர்களுக்குக் கற்பித்திருக்கிறார். ஜேர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுத எமக்கு எத்தனை வருடம் எடுத்தது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

கணவருக்கு அந்த ஊர் ஒட்டவில்லை. அவர் முதலில் திரும்பினார். குடும்பம் இரண்டு கரையில் கிடக்க, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஏறுமுகமாக இருந்த தொழிலை விட்டு எமிலியும் 1891 இல் சூரிச்சுக்கு வந்தார். அவர் அங்கேயே தங்கியிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. குடும்பத்துக்காக ஒரு தொழிலை விட்டுவிட்டு இன்னொரு நாட்டுக்கு வந்த பெண்கள் எமது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். ஊரில் ஆசிரியையாக இருந்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள்.

சூரிச்சில் இந்த முறை, பல்கலைக்கழகத்தின் எதிர்ப்பையும் மீறி, மாநிலத்தின் கல்விச் சபை அவருக்கு விரிவுரை அனுமதி வழங்கியது. அங்கே விரிவுரை நிகழ்த்த அனுமதி பெற்ற முதற் பெண் அவர். சம்பளம் கிடையாது, மாணவர்கள் செலுத்தும் கட்டணம் மட்டும். மாணவர்களோ கொஞ்சப் பேர். நீதிமன்றத்தில் பேசும் உரிமை இன்னும் இல்லாததால், சட்ட அலுவலகம் கணவரின் பெயரில் இயங்கியது. சட்டம் தெரிந்தவர் மனைவி, பெயர் கணவருடையது. வதிவிட அனுமதியின் சிக்கலால் இன்னொருவர் பெயரில் கடை நடத்திய எம்மவர்கள் சிலருக்கு இந்த ஏற்பாடு புரியும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் புரியும்.

அவர் அதிகம் எழுதியது திருமணமான பெண்ணின் சொத்து பற்றி. அன்றைய சட்டப்படி மனைவியின் உடைமையை நிர்வகிப்பவர் கணவர். இந்த நிலை சுவிற்சர்லாந்தில் மிக அண்மைக் காலம் வரை வேறு வடிவங்களில் நீடித்தது. 1988 ஜனவரி 1 இல் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, குடும்பத்தின் தலைவர் கணவர் என்றே சட்டம் கூறியது. மனைவி வேலைக்குப் போவதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அதாவது 1980களில் எம்மவர்கள் இங்கே முதலில் வந்து இறங்கியபோது இதுதான் இந்த நாட்டின் சட்டம். இதை வாசித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், தாய்வீடு சீதனமாகக் கொடுத்த தன் சொந்தக் காணியை விற்பதற்கு இன்றும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இலங்கை அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்கிறது. ஆனால் பதினாறாம் உறுப்புரை, அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அதனோடு முரண்பட்டாலும் செல்லும் என்று விட்டுவிட்டது. முன் கதவால் தந்ததைப் பின் கதவால் எடுத்துக்கொள்ளும் வேலை எல்லா ஊரிலும் உண்டு.

எமிலியின் கடைசி வருடங்களை வேகமாகச் சொல்லிவிட விரும்புகிறோம். கணவரைப் பிரிந்து பேர்லின் சென்றார். ஆங்கில, அமெரிக்கச் சட்டங்களில் நிபுணராகப் பணியாற்றினார். அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஜேர்மன் சிவில் சட்டத்தில் பெண்களின் நிலை பற்றி எழுதினார். அங்குள்ள பெண்கள் இயக்கத்தோடும் ஒத்துப்போக முடியவில்லை. அவருடைய நிலைப்பாடு அவர்களுக்குப் போதாததாகத் தெரிந்தது. 1897 இல் அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1899 இல் பாசலில் உள்ள மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அந்த வருடத்தின் இறுதியில் அங்கிருந்து ஒரு போதகருக்குக் கடிதம் எழுதினார். தன்னை வீட்டுப் பணிப்பெண்ணாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் விண்ணப்பம் அது. வீட்டு வேலைகள் செய்யத் தயார் என்று எழுதியிருந்தார். நாட்டின் முதல் பெண் சட்டக் கலாநிதியின் வேலை விண்ணப்பம் மருத்துவமனைக் கோப்போடு கிடந்தது. 1901 ஏப்ரல் 12 ஆம் திகதி, புற்றுநோயால், 48 வயதில் அதே மருத்துவமனையில் இறந்தார்.

இதற்குள் 1898 இல் சூரிச் மாநிலத்தில் சட்டத்தரணிகளுக்கான புதிய சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, பெண்களுக்கும் அந்தத் தொழிலைத் திறந்துவிட்டிருந்தது. வாக்களித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எமிலி அப்போது மருத்துவமனைச் சுவருக்குள் இருந்தார். 1900 இல் முதலாவது அனுமதிப் பத்திரத்தைப் பெற்றவர் அன்னா மக்கென்றோத். டான்சிக் நகரில் பிறந்து இங்கே வந்து படித்தவர்.

மற்ற மாநிலங்கள் உடனே பின்தொடரவில்லை. 1923 இல் பிரிபோர்க் மாநிலத்துப் பெண் ஒருவரின் வழக்கில்தான், பெண் என்ற காரணத்துக்காகச் சட்டத்தரணித் தொழிலை மறுக்க முடியாது என்று சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் சமத்துவ உறுப்புரையை நேராகப் பிடித்து அல்ல, தொழில் செய்யும் சுதந்திரத்தைப் பிடித்து. பெண்களுக்குச் சமஷ்டி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல். ஆணும் பெண்ணும் சமம், சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பவை 1981 ஜூன் 14 இல் அரசியலமைப்பில் ஏறின. பின்னரும் அப்பென்செல் இன்னர்றோடன் மாநிலத்து ஆண்கள் 1990 ஏப்ரலில் கூடிப் பெண்களுக்கு வாக்கு இல்லை என்று கைதூக்கினார்கள். அதே வருடம் நவம்பர் 27 இல் சமஷ்டி நீதிமன்றம், அந்த மாநிலத்தின் அரசியலமைப்பில் உள்ள குடிமக்கள் என்ற சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று வாசித்தது. எமிலி கேட்ட அதே வகையான கேள்வி. அதே நீதிமன்றம். இடையில் 103 வருடங்கள். இப்போதுள்ள அரசியலமைப்பில் சமத்துவத்துக்குரிய சொல் சுவிஸ் மக்கள் அல்ல, மனிதர்கள். அகதிக்கும் அதற்குள் இடமுண்டு.

1991 ஜூன் 14 இல் பல இலட்சம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கூட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் சிலரின் யோசனையில் பிறந்தது அது. 1996 ஜூலை 1 இல் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. சம்பளத்தில் பாரபட்சம் இருப்பதாக நம்பத்தகுந்த விதத்தில் ஒரு பெண் காட்டினால் போதும், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு. நீதிமன்றக் கட்டணம் இல்லை. 2001 இல் சூரிச் மாநிலத் தாதியர் இந்தச் சட்டத்தின் துணையுடன்தான் தமது சம்பளத்தை உயர்த்தினார்கள். தாதியாக வேலை செய்யும் எம் பெண்பிள்ளைகள் இன்று வாங்கும் சம்பளத்தில் அந்த வழக்கின் பங்கும் இருக்கிறது. ஆனால் ஆட்சேர்ப்பில் நடக்கும் பாரபட்சத்துக்கு இந்த நிரூபணச் சலுகை இல்லை. 2020 முதல், நூறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளச் சமத்துவ ஆய்வு செய்ய வேண்டும். நாட்டின் நிறுவனங்களில் ஒரு சதவீதம்கூட அந்த அளவில் இல்லை. செய்யாதவர்களுக்குத் தண்டமும் இல்லை. தண்டம் இல்லாத விதியை எந்தக் கணக்காளரும் விதி என்று எழுதமாட்டார்.

இனி எமது வீட்டுக் கணக்கு. துணைவியார் 22 வருடங்களாக மூன்று இடங்களில் துப்புரவு வேலை செய்கிறார். ஒன்றில் வருடத்துக்கு ஏறத்தாழ 17,000 பிராங், மற்றவற்றில் 14,000, 12,000. மொத்தம் 43,000. ஆனால் தொழில்சார் ஓய்வூதியத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்படுவதற்கு ஒரே முதலாளியிடம் ஒரு குறித்த தொகைக்கு மேல் சம்பளம் பெற வேண்டும். 2025 இல் அந்தத் தொகை 22,680 பிராங். மூன்று வேலையும் தனித்தனியே அதற்குக் கீழே. எனவே 22 வருட உழைப்புக்கு இரண்டாம் தூண் ஓய்வூதியம் ஒரு சதமும் இல்லை. இந்த எல்லைக்கோட்டில் பெண் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே நிற்பவர்களைப் போய்ப் பாருங்கள். இந்த நாட்டில் பெண்களின் ஓய்வூதியம் ஆண்களுடையதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருப்பதற்கு முக்கிய காரணம் இந்த இரண்டாம் தூண்தான். எல்லையைக் குறைக்கும் திருத்தத்தை 2024 செப்டெம்பரில் மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். அந்தத் திருத்தத்தில் வேறு பிரச்சினைகளும் இருந்தன என்பது உண்மை. நீதிமன்றம் போகலாமா என்று மகளைக் கேட்டோம். சமஷ்டிப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை, அது அரசியலமைப்போடு ஒத்துப்போகாவிட்டாலும், நீதிமன்றம் பின்பற்றியே ஆக வேண்டும் என்றாள். எமிலி இன்று போனாலும் அதே படியில் நின்றிருப்பார்.

இதில் எமது தவறையும் எழுத வேண்டும். ஓய்வூதியக் கழிவு இல்லாததால் கையில் வரும் சம்பளம் கூடுகிறது என்று அந்தக் காலத்தில் மகிழ்ந்தவர் நாமே. எம்மிடம் வரிப் பத்திரத்தோடு வந்த பல குடும்பங்களுக்கும் அதையே நல்ல விடயமாகச் சொன்னோம். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு, சீட்டு எல்லாம் அந்தக் கையில் வரும் காசில்தான் ஓடின. ஓய்வூதிய வயதில் என்ன நடக்கும் என்று மனைவியின் பக்கத்தில் நின்று ஒரு தடவையும் கூட்டிப் பார்க்கவில்லை. எமது பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்திருந்தோம்.

ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. பல முதலாளிகளிடம் பெறும் சம்பளத்தின் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டினால், தொழிலாளி தானாகவே விரும்பிக் காப்புறுதியில் சேரலாம். எந்த ஓய்வூதிய நிதியும் ஏற்காவிட்டால், அதற்கென்று சட்டப்படி அமைக்கப்பட்ட நிறுவனம் ஒன்று உண்டு. சேர்ந்த பின்னர் ஒவ்வொரு முதலாளியும் தன் பங்குக்குரிய கட்டணத்தில் பாதியைச் செலுத்த வேண்டும். போன வருடங்கள் திரும்பி வராது. மீதி வருடங்களுக்காவது வரும். ஐம்பது வயதைத் தாண்டாத சகோதரிகள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சென்ற மாதம் மூன்று முதலாளிகளுக்கும் கடிதம் தயார் செய்து மேசையில் வைத்தோம். துணைவியார் வாசித்துவிட்டு, இதைக் கொடுத்தால் வேலையால் நிற்பாட்டுவார்களா என்று கேட்டார். நியாயமான உரிமையைக் கேட்டதற்காக நிறுத்தினால் அது முறைகேடான பணிநீக்கம், ஆறு மாதச் சம்பளம் வரை நட்டஈடு கேட்கலாம் என்றோம். வேலை திரும்பக் கிடைக்குமா என்றார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு கடிதங்களில் கையெழுத்து வைத்தார், அவை போய்விட்டன. மூன்றாவது, 22 வருடங்களாகத் திறப்பைத் தன் கையில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கானது. அது இன்னும் மேசையில் இருக்கிறது.